உங்களுக்குத் தெரியுமா? லண்டன் டவரில் ஒரு நஞ்சுக் கொலை

1613 செப்டம்பர் 15ஆம் தேதி காலை, லண்டன் டவர் கோட்டைச் சிறையில் ஒரு கைதி இறந்துபோனார். பெயர் சர் தாமஸ் ஓவர்பரி, வயது 32. அவர்மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. இரண்டு ஆண்டுகள் அந்தச் சாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் வாய் திறந்ததும், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையே ஆட்டம் கண்டது. அந்தக் கதையிலிருந்து சில துணுக்குகள்.

★ ஒரு கால் முறிந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. 1607இல் மன்னர் பட்டமேற்ற நாளைக் கொண்டாட நடந்த குதிரை வீர விளையாட்டில், ராபர்ட் கார் என்ற ஸ்காட்லாந்து இளைஞன் மன்னரின் கண்ணெதிரே குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பார்க்க அழகன். மன்னர் அவன் படுத்திருந்த இடத்துக்கே போய் நலம் விசாரித்தார், உட்கார்ந்து லத்தீன் சொல்லிக்கொடுத்தார். அதே ஆண்டு அவனுக்கு 'சர்' பட்டம். 1611இல் ரோச்செஸ்டர் பிரபு. 1613இல் சோமர்செட் கோமகன். ஆறே ஆண்டுகளில் நாட்டின் உச்சாணிக் கொம்பு!

★ காருக்கு அழகு இருந்தது. அரசுக் காகிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமை இல்லை. அந்த வேலையைப் பார்த்தவர் அவரது நெருங்கிய நண்பர் ஓவர்பரி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், கவிஞர், கூர்மையான நாக்குக்காரர். வெளிநாடுகளிலிருந்து மன்னருக்கு வரும் ரகசியக் கடிதங்கள் காரின் கை வழியாக ஓவர்பரியின் மேசைக்குப் போயின. மன்னரை ஆள்வது கார், காரை ஆள்வது ஓவர்பரி என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். இந்தப் பேச்சு மன்னரின் காதுக்கும் எட்டியது. அவருக்கும் ராணி ஆனுக்கும் ஓவர்பரியைக் கண்டாலே பிடிக்காமல் போனது.

★ கதையின் நாயகி பிரான்செஸ் ஹோவர்ட். நாட்டின் மிகப் பெரிய பிரபுக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள். 1606 ஜனவரியில் அவளுக்கும் எசெக்ஸ் கோமகன் ராபர்ட் டெவரூவுக்கும் மன்னர் முன்னிலையில் திருமணம். பெண்ணுக்கு 15 வயது, மாப்பிள்ளைக்கு 14. பகைமை கொண்ட இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைக்க ஜேம்ஸ் செய்த ஏற்பாடு அது. பென் ஜான்சன் அந்த விழாவுக்காகவே ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். விழா முடிந்ததும் பையனை ஐரோப்பியப் பயணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது இருவரும் அந்நியர்கள். பின்னால் அவள் செய்தது எதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் நடந்த அந்தப் பால்ய விவாகத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

★ கார் பிரான்செஸுக்கு அனுப்பிய காதல் கடிதங்களை எழுதிக்கொடுத்தவரே ஓவர்பரிதான்! பழக்கம் பழக்கமாக இருந்தவரை அவருக்கு ஆட்சேபம் இல்லை. கார் அவளை மணக்கப் போகிறார் என்றதும் பதறிவிட்டார். ஹோவர்ட் குடும்பம் உள்ளே வந்தால் தன் இடம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அந்தப் பெண்மீது வெறுப்பு ஒரு பக்கம். அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார். பேசியது அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

★ 1613 ஏப்ரலில் மன்னர் ஓவர்பரிக்கு ஒரு வெளிநாட்டுத் தூதர் பதவியை நீட்டினார். அவர் மறுத்தார். மன்னரின் ஆணையை அவமதித்த குற்றம் என்று சொல்லி, ஏப்ரல் 21 அன்று நேரே டவருக்கு அனுப்பிவிட்டார்கள். 'மறுத்துவிடு' என்று காதோடு காதாக யோசனை சொன்னதே கார்தான் என்பது பின்னர் எழுந்த குற்றச்சாட்டு. சில நாளில் நண்பன் தன்னை வெளியே எடுத்துவிடுவான் என்று ஓவர்பரி நம்பினார். உள்ளேயிருந்து காருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கெஞ்சி எழுதினார், கோபித்து எழுதினார், மிரட்டியும் எழுதினார். ஐந்து மாதம் நீடித்த நம்பிக்கை அது.

★ அப்போது டவரின் காவல் அதிகாரி சர் வில்லியம் வேட். நாடாளுமன்றத்துக்கு வெடிவைக்க முயன்ற கை ஃபாக்ஸை 1605இல் விசாரித்தவர் இவரே. ஓவர்பரி உள்ளே வந்த சில வாரங்களில் வேட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பணம் கொடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் சர் ஜெர்வாஸ் எல்வீஸ். ஹோவர்ட் குடும்பத்துக்கு வேண்டியவர். அடுத்து, ஓவர்பரியின் அறைக்கு ரிச்சர்ட் வெஸ்டன் என்பவன் காவலாளாக வந்தான். பிரான்செஸின் தோழி ஆன் டர்னர் வீட்டில் முன்பு வேலை பார்த்தவன்.

★ நஞ்சுப் பட்டியலைக் கேளுங்கள். வெள்ளைப் பாஷாணம், வீரம் எனப்படும் பாதரச உப்பு, வெடியுப்புத் திராவகம், வைரப் பொடி, பெரிய சிலந்திகள். ஜேம்ஸ் பிராங்க்ளின் என்ற மருந்துக்காரன் வாங்கிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டவை இவை. பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பணியாரங்களும் ஜெல்லியும் பிரான்செஸ் தரப்பிலிருந்து சிறைக்கு வந்தன. நோயாளி நண்பனுக்கு அன்பளிப்பு என்று பெயர். வந்த பணியாரங்கள் வைத்த இடத்திலேயே கறுத்து நிறம் மாறின. தூக்கி எறியச் சொன்னேன் என்று எல்வீஸே பின்னர் எழுதிக்கொடுத்தார்.

★ இந்த வழக்கில் என் நெஞ்சை உறுத்தும் காட்சி ஒன்று உண்டு. ஒரு நாள் மாலை வெஸ்டன் ஒரு கையில் கைதிக்கான சூப்பும் மறு கையில் சின்னக் குப்பியுமாக வருகிறான். வழியில் எல்வீஸ். இவரும் உடந்தை என்று நினைத்து, "இப்போதே கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டுவிடுகிறான். எல்வீஸ் திகைத்துப் போகிறார். அவனைத் தனியே அழைத்துப் பாவ புண்ணியம் பேசுகிறார். வெஸ்டன் மண்டியிட்டு, தன்னைத் தடுத்ததற்கு நன்றி சொல்கிறான். குப்பி சாக்கடையில் கொட்டப்படுகிறது. அத்தோடு சரி! வெஸ்டனை வேலையை விட்டு நீக்கவில்லை. கைதியை எச்சரிக்கவில்லை. மன்னருக்கு ஒரு வரி எழுதவில்லை. பெரிய இடத்துப் பகை வேண்டாம் என்று எல்வீஸ் வாயை மூடிக்கொண்டார். அந்த மாலையில் அவர் வாய் திறந்திருந்தால் ஓவர்பரி பிழைத்திருக்கலாம். பிறகு தூக்குமேடை ஏறிய எல்வீஸும் பிழைத்திருப்பார்.

★ கடைசி அடி சமையலறை வழியாக வரவில்லை. ஒரு மருந்துக்கடைப் பையன் கொடுத்த எனிமாவில் வீரம் கலந்திருந்தது, அதற்காகப் பையனுக்கு 20 பவுன் லஞ்சம் என்பதே அரசுத் தரப்பு சொன்ன கதை. ஓவர்பரி இறந்த அன்றே, உடல் நாற்றமெடுக்கிறது என்று காரணம் சொல்லி, அவசர அவசரமாகப் புதைத்துவிட்டார்கள்.

★ தேதிகளைப் பாருங்கள். செப்டம்பர் 15இல் ஓவர்பரி சாகிறார். சரியாகப் பத்தே நாள். செப்டம்பர் 25இல் பிரான்செஸின் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வருகிறது!

★ அந்தத் தீர்ப்பே தனிக் கதை. எசெக்ஸுக்கு ஆண்மை உண்டு, ஆனால் இந்த ஒரு பெண்ணிடம் மட்டும் இல்லை, காரணம் யாரோ வைத்த சூனியம் என்பது வாதம். மற்றப் பெண்களிடம் தனக்கு அந்தக் குறை இல்லை என்று எசெக்ஸும் சொன்னார். பேராயர் ஜார்ஜ் ஆபட் இதை ஏற்கவில்லை. சூனியக்காரர்களைப் பற்றி 1597இலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்த மன்னர் ஜேம்ஸ், பேராயருக்குத் தானே மறுப்பு எழுதினார். அதோடு நிற்காமல் விசாரணைக் குழுவில் மேலும் இரண்டு பிஷப்புகளைச் சேர்த்தார். முடிவு 7க்கு 5. சேர்க்கப்பட்ட பிஷப் ஒருவரின் மகனுக்கு விரைவிலேயே 'சர்' பட்டம் கிடைத்தது. ஊரார் அவருக்குச் 'செல்லாக் கல்யாண சர்' என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்தார்கள்.

★ அந்த விசாரணையில் பிரான்செஸ் கன்னிதானா என்று நான்கு சீமாட்டிகளும் இரண்டு மருத்துவச்சிகளும் உடற்சோதனை செய்தார்கள். அவள் முகத்திரையோடு வந்தாள். உள்ளே போனது வேறு பெண் என்று லண்டன் முழுக்க வதந்தி. அது உண்மையோ பொய்யோ, 23 வயதுப் பெண்ணை நாட்டின் வாய்க்கு அவலாக்கிய கொடுமை மறுக்க முடியாதது.

★ 1613 டிசம்பர் 26இல் வைட்ஹால் அரண்மனைத் தேவாலயத்தில் காருக்கும் பிரான்செஸுக்கும் திருமணம். கன்னி மணமகளுக்குரிய முறையில் கூந்தலை விரித்துவிட்டு வந்தாள். கவிஞர் ஜான் டன் வாழ்த்துக் கவிதை எழுதினார். அப்போதைய அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பேக்கன் தன் செலவில் ஒரு கலைநிகழ்ச்சியே நடத்திக் கொடுத்தார். செலவு சுமார் 2,000 பவுன் என்று அன்றைய கடிதங்கள் சொல்கின்றன. இரண்டரை ஆண்டு கழித்து அதே தம்பதியைக் கொலைக் குற்றவாளிகள் என்று நிரூபிக்க அரசுத் தரப்பில் எழுந்து நின்றவரும் இதே பேக்கன்தான்.

★ உண்மை எப்படி வெளியே வந்தது? 1614 ஆகஸ்டில் ஜார்ஜ் வில்லியர்ஸ் என்ற புதிய அழகன் மன்னரின் கண்ணில் பட்டான். காரின் செல்வாக்கு சரியத் தொடங்கியது. 1615 கோடையில், மருந்துக்கடைப் பையன் கடல் கடந்து ஏதோ உளறியதாக அரசுச் செயலர் ரால்ஃப் வின்வுட்டுக்குத் தகவல் வந்தது. அவர் எல்வீஸைக் கேட்க, எல்வீஸ் எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிட்டார். தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் விசாரணையில் இறங்கினார். ஏறத்தாழ 300 வாக்குமூலங்கள் பதிவாயின. கார் மன்னரின் நெஞ்சில் இருந்தவரை இந்த வழக்கு பிறந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

★ அன்றைய சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. கையால் செய்தவன் மீது குற்றம் நிரூபணமானால்தான் ஏவிவிட்டவர்களை விசாரிக்க முடியும். கையால் செய்தவன் வெஸ்டன். 1615 அக்டோபர் 19இல் அவனைக் கூண்டில் ஏற்றி, குற்றவாளியா நிரபராதியா என்று கேட்டபோது, வழக்குக்கு உட்படும் பதிலைச் சொல்ல மறுத்துவிட்டான். அவன் பேசாவிட்டால் கோமகனும் கோமகளும் தப்பிவிடுவார்கள். அப்படி வாய் மூடுபவர்களுக்கு ஒரு தண்டனை இருந்தது: தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே எடைமேல் எடை ஏற்றி நசுக்குவது. நீதிபதி அதை விவரமாக எடுத்துச் சொன்னார். நான்கு நாள் கழித்து வெஸ்டன் வாய் திறந்தான். அக்டோபர் 25இல் டைபர்னில் தூக்கு. சின்ன மீன்களுக்கு வலை விரித்துப் பெரிய மீன்களை விட்டுவிடக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது.

★ மஞ்சள் கஞ்சி தெரியுமா? கழுத்தைச் சுற்றி விசிறி விசிறியாக மடிப்பு வைத்த காலர் அணிவது அக்காலப் பாணி. அதற்குக் குங்குமப்பூ கலந்த மஞ்சள் கஞ்சி போட்டு விறைப்பாக்கும் நாகரிகத்தைப் பரப்பியவர் ஆன் டர்னர். மருத்துவர் ஒருவரின் விதவை. நஞ்சை ஏற்பாடு செய்தவர் என்று அவருக்கு நவம்பர் 14இல் தூக்கு. அன்று தூக்கிலிடுபவனும் மஞ்சள் கஞ்சி போட்ட கைப்பட்டி அணிந்து வந்தானாம். அத்தோடு அந்த நாகரிகம் ஒழிந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அது இருந்தது.

★ ஆன் டர்னரின் விசாரணையின்போது, சைமன் ஃபோர்மன் என்ற சோதிடரிடமிருந்து கிடைத்த ஈய உருவங்களும் மந்திரத் தகடுகளும் காட்டப்பட்டன. ஃபோர்மன் 1611இலேயே இறந்துவிட்டார். பிரான்செஸ் அவரை அப்பா என்று விளித்து, காரின் மனத்தைத் தன் பக்கம் திருப்பக் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றும் படிக்கப்பட்டது. பொம்மைகளைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பார்வையாளர் மேடை மளாரென்று முறிய, சாத்தானே வந்துவிட்டான் என்று கூட்டம் அலறியது. அமைதி திரும்பக் கால் மணி நேரம் பிடித்தது.

★ அதே விசாரணையில் தலைமை நீதிபதி கோக், ஏழு பெரும் பாவங்களும் உன்னிடம் உண்டு என்று சொல்லி வேசி, தரகி, சூனியக்காரி, கொலைகாரி என்று அடுக்கினார். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட அங்கே ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. அன்றைய இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளில் அந்த உரிமையே கிடையாது. முழு உரிமை கிடைத்தது 1836இல்தான்.

★ நவம்பர் 20இல் தூக்குமேடையில் நின்ற எல்வீஸ் கூட்டத்திடம் ஒன்று சொன்னார். இளமையில் சூதாட்டப் பித்து இருந்ததாம். இனி ஆடினால் நான் தூக்கில் தொங்கட்டும் என்று கடவுளிடம் சத்தியம் செய்துவிட்டு, எத்தனையோ முறை மீறினாராம்.

★ டிசம்பர் 9இல் பிராங்க்ளினுக்கும் தூக்கு. அதே நாளில் பிரான்செஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஆன்.

★ காட்டன் நூலகம் என்றால் மாக்னா கார்ட்டா பிரதிகளும் 'பேவுல்ஃப்' சுவடியும் நினைவுக்கு வரும். அதைச் சேர்த்த சர் ராபர்ட் காட்டனும் இதில் சிக்கினார். காரிடம் இருந்த பழைய கடிதங்களில், வழக்குக்கு ஏற்றபடி தேதிகளை மாற்றி எழுதிக்கொடுத்தார் என்று புகார். சில மாதம் காவலில் இருந்து மன்னிப்புப் பெற்றார்.

★ 1616 மார்ச்சில் பிரான்செஸை டவருக்குக் கொண்டுவந்தார்கள். ஓவர்பரி இறந்த அறையில் மட்டும் என்னை அடைக்காதீர்கள் என்று அழுது மன்றாடினாள். அதனால் சர் வால்டர் ராலே அப்போதுதான் காலிசெய்துவிட்டுப் போன இடத்தைக் கொடுத்தார்கள். ராலே சிறையில் இருந்தபோது அவருடைய ஷெர்போர்ன் பண்ணையைப் பிடுங்கி மன்னர் யாருக்குக் கொடுத்திருந்தார் தெரியுமா? காருக்கு!

★ மே 24இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். குற்றப்பத்திரிகையில் வெஸ்டனின் பெயர் வந்தபோது விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாளாம். மறுநாள் கார். கடைசிவரை மறுத்தார். ஒப்புக்கொண்டால் மன்னிக்கிறேன் என்று மன்னர் டவர் அதிகாரிக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கார் அதற்கும் மசியவில்லை. காலையில் தொடங்கிய விசாரணை இரவு வரை நடந்தது. இருவருக்கும் மரண தண்டனை. இருவரும் சாகவில்லை. ஜூலையிலேயே பிரான்செஸுக்கு மன்னிப்பு. 1622 ஜனவரியில் இருவரும் டவரை விட்டு வெளியே வந்தார்கள். 1624இல் காருக்கும் முறையான மன்னிப்பு. ஏவப்பட்டவர்கள் தூக்கில், ஏவியதாக ஒப்புக்கொண்டவள் மாளிகையில். இதற்கு நீதி என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

★ ஓவர்பரி உண்மையிலேயே நஞ்சினால்தான் செத்தாரா? சில வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. சிறையில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் மன்னரின் மருத்துவர் தியோடர் மயர்ன். எனிமா விவகாரத்தில் அடிபட்ட மருந்துக்கடைக்காரர் அவருக்கு உறவினர். மயர்ன் என்ன மருந்து எழுதிக்கொடுத்தார் என்பது நீதிமன்றத்தில் வரவே இல்லை. அந்தக் காலத்து வைத்தியமே ஆளைக் கொல்லப் போதுமானது. ஆனால் கொல்ல முயன்றார்கள் என்பதற்கு எல்வீஸின் எழுத்தும் பிரான்செஸின் வாயும் சாட்சி.

★ ஓவர்பரியின் 'மனைவி' என்ற கவிதை அவர் இறந்த மறு ஆண்டு அச்சில் வந்தது. நல்ல மனைவிக்கான இலக்கணம் சொல்லும் அதைப் பிரான்செஸை மணக்காதே என்று நண்பனுக்குச் சொன்ன புத்திமதியாகவே மக்கள் வாசித்தார்கள். பதிப்புமேல் பதிப்பாக விற்றது. ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை.

★ சூனியத்தால் முடங்கினார் என்று அவையில் பேசப்பட்ட எசெக்ஸ் என்ன ஆனார்? 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஜேம்ஸின் மகன் சார்லஸ் மன்னருக்கு எதிராக நாடாளுமன்றப் படையின் தளபதியாக நின்றார்.

★ பிரான்செஸ் 1632இல் புற்றுநோயால் இறந்தாள். வயது 42. மகள் ஆனுக்கு 1637இல் கல்யாணம். மாப்பிள்ளையின் தந்தை பெட்ஃபோர்டு கோமகன் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றிருந்தவர். கார் தன் உடைமைகளை விற்று மகளுக்குச் சீர் சேர்த்தார். அழகி என்று பெயரெடுத்த ஆனை ஓவியர் வான் டைக் வரைந்திருக்கிறார். தாயின் பாவத்தில் துளிப் பங்கும் இல்லாத பெண். ஆனால் அவளுக்கும் ஒரு துயரம் காத்திருந்தது: மகன் வில்லியம் ரஸல் 1683இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டான்.

★ லண்டன் டவருக்குப் போனால் கோஹினூர் வைரத்தைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பார்த்து முடித்ததும் கோட்டைக்குள்ளேயே இருக்கும் புனித பீட்டர் தேவாலயத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஆன் போலின், கேத்தரின் ஹோவர்ட், ஜேன் கிரே என்று தலை வெட்டப்பட்ட ராணிகளின் பெயர்களை வழிகாட்டிகள் சொல்வார்கள். அதே தேவாலயத்தில்தான் 1613 செப்டம்பர் 15 அன்று ஓவர்பரியையும் புதைத்தார்கள். அவர் பெயரையும் கேளுங்கள்.